மூலத்துக்குள் மூலம்

பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் ஏவல் வினைகள் மிகவும் குறைவு. காண்க, தீர்க்க, நிறுவுக, வரைக, சுருக்குக. முதல் நான்கோடும் எனக்கு எந்தப் பிணக்கும் இருந்ததில்லை. என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஐந்தாவதுதான் நெடுங்காலம் உறுத்திக்கொண்டிருந்தது. சுருக்குக என்றால் எதுவரை? எதைவிடச் சுருக்கமாக? √(2+√3) என்பதைச் சுருக்குக என்று கேட்பார்கள். விடை (√6+√2)/2 என்று இருக்கும். எழுத்தெண்ணிப் பார்த்தால் விடை கேள்வியைவிட நீளம். கேள்வியில் இரண்டு மூலக்குறிகள், விடையிலும் இரண்டு. போதாதற்கு ஒரு வகுத்தல் வேறு. இதை எந்த நியாயத்தில் சுருக்கம் என்கிறோம்?

இலக்கியம் பேசும் நண்பர்கள் கூடும் இடத்தில் இது எதற்கு என்று யாரேனும் முகம் சுளிக்கக் கூடும். எளிமை என்றால் என்ன என்று நாம் ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஓர் எழுத்தாளரைச் சிக்கலானவர் என்று ஒரு தரப்பு சொல்லும். வாழ்க்கை சிக்கலாக இருந்தால் அவர் என்ன செய்வார் என்று மறுதரப்பு கேட்கும். அந்தச் சண்டைக்கு முடிவு கிடையாது. கணிதத்தில் அதே கேள்விக்கு ஓரளவு துல்லியமான பதில் இருக்கிறது என்பதால்தான் அதைப் பற்றி எழுதத் தோன்றியது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நினைவிருந்தால் போதும். இங்கே மூலக்குறியின் மேல்கோட்டை வரைய வழியில்லாததால் அடைப்புக்குறி போட்டிருக்கிறேன்.

*

முதலில் √2 என்பதை எப்படி வாசிப்பது? யாரிடம் கேட்டாலும் 1.414 என்பார்கள். பெரும்பாலோர் √ என்பதை ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறோம். இன்னும் செய்து முடிக்காத வேலை ஒன்று அங்கே கிடப்பதாகவும், கால்குலேட்டரைத் தட்டினால் அது முடிந்துவிடுவதாகவும் ஒரு நினைப்பு. ஆனால் கால்குலேட்டர் தரும் 1.41421356 என்பதை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள். 2 வராது. இரண்டுக்கு மிக அருகில் வரும், அவ்வளவுதான். இலக்கங்களை எவ்வளவு நீட்டினாலும் வராது. √2 என்று எழுதியிருப்பதுதான் முழுமையான விடை. அது ஒரு பெயர். தன்னைத் தானே பெருக்கினால் 2 ஆகும் மிகை எண் எதுவோ அதன் பெயர்.

நம் வீடுகளில் ஆட்களை இப்படித்தான் குறிப்பிடுகிறோம். 'கமலாவின் மூத்த மகன்' என்றால் பேச்சு முடிந்துவிட்டது; ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அதைக் கேட்டு யாரும் கணக்குப் போடுவதில்லை. 'கமலாவின் மூத்த மகனின் மாமனாரின் தம்பி' என்பதும் அப்படித்தான். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கும், ஆனால் ஆள் ஒருவர்தான். மூலத்துக்குள் மூலம் இருப்பது இப்படிப்பட்ட நீண்ட உறவுமுறைப் பெயர். √(2+√3) என்றால், மூன்றின் மூலத்தோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணின் மூலம். கமலாவில் தொடங்கி வெளியே வருவது போல இதையும் உள்ளேயிருந்து வெளியே வாசிக்க வேண்டும்.

உறவுமுறை தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இவ்வளவு சுற்றிச் சொல்லப்பட்ட அந்த ஆள் சில சமயம் நம் எதிர்வீட்டுக்காரராகவே இருப்பார். 'அட, நம்ம கோபாலா?' என்று கேட்போம். உள்ளடங்கிய மூலத்தைச் சுருக்குவது என்பது அந்த 'அட'தான். எண் மாறுவதில்லை. வேறு வழியாக வந்தால் அவர் நமக்குப் பக்கத்து ஆள் என்பது தெரியவருகிறது.

*

மூலம் என்ற சொல்லே சுவையானது. சமஸ்கிருதத்தில் மூலம் என்றால் வேர். அரபு மொழியில் இதே பொருளுக்கு 'ஜத்ர்' என்றார்கள், அதுவும் வேர்தான். லத்தீனில் 'ராடிக்ஸ்', அதற்கும் வேர் என்றே பொருள். அந்தச் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தில் ராடிகல் வந்தது. முள்ளங்கியைக் குறிக்கும் ராடிஷ் என்பதும் அங்கிருந்துதான். சதுரத்தை மேலே வளர்ந்த செடியாகவும் அதன் பக்கத்தை மண்ணுக்குள் இருக்கும் வேராகவும் கண்டிருக்கிறார்கள்.

விகிதமுறா மூலத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சர்ட் என்ற சொல்லின் கதை இதைவிட விசித்திரம். கிரேக்கர்கள் இத்தகைய அளவை 'அலோகோஸ்' என்றனர். லோகோஸ் என்றால் விகிதம். பேச்சு என்றும் பொருள் உண்டு. விகிதமற்றது என்ற சொல் அரபுக்குப் போனபோது பேச்சற்றது என்ற பொருளைப் பற்றிக்கொண்டு, செவிடு என்று பொருள்படும் 'அஸம்' ஆயிற்று. 12ஆம் நூற்றாண்டில் அரபிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள் செவிட்டுக்குச் செவிடு என்றே 'சுர்டுஸ்' போட்டார்கள். ஒரு மொழிபெயர்ப்புச் சறுக்கலால் உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் செவிட்டு எண்களோடு கூட்டல் கழித்தல் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் பாடநூல்காரர்கள் அந்தச் செவிட்டை இறக்குமதி செய்யாமல் விகிதமுறா மூலம் என்று நேராகச் சொன்னது நல்ல காரியம்.

குறியின் வரலாறும் சொல்லத்தக்கது. √ என்ற வடிவம் அச்சில் முதலில் தோன்றியது 1525இல், கிறிஸ்டோஃப் ருடோல்ஃப் என்ற ஜெர்மானியரின் நூலில். அதில் மேல்கோடு கிடையாது. மூலம் எதுவரை ஆள்கிறது என்பதைக் காட்டும் அந்தக் கோட்டைச் சேர்த்தவர் தெகார்த், 1637இல். இந்த இடைவெளி ஒரு நூற்றாண்டுக்கும் மேல். சில ஆண்டுகள் ஒரு சிறு அச்சகத்துக்காகக் கணக்கு வழிகாட்டி நூல்களுக்குப் புரூஃப் பார்த்த அனுபவத்தில், அந்தக் கோட்டின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும். கோடு ஓர் எழுத்து அளவுக்குக் குறைந்தால் √(4+5) என்பது √4+5 ஆகிவிடும். மூன்று வர வேண்டிய இடத்தில் ஏழு வரும். மூலத்துக்குள் மூலம் வரும் பக்கங்களில், கோட்டின் மேல் கோடாக மாடி கட்டியது போல அவை நிற்கும். கதைப் புத்தகத்தில் ஓர் எழுத்துப்பிழையை வாசகர் தானே திருத்திக்கொண்டு போய்விடுவார். இங்கே அப்படிப் போக முடியாது.

*

மூன்றாண்டுகளுக்கு முன் அண்ணன் மகள் ஒரு விடைத்தாளோடு வந்தாள். அப்போது அவள் பதினோராம் வகுப்பு. தனிப்பயிற்சி நிலையமொன்றில் நடந்த தேர்வு. 15 பாகையின் கோசைன் மதிப்பைக் காண்க என்பது கேள்வி. அவள் அரைக்கோண வாய்பாட்டைப் பிடித்துப் போய் √(2+√3)/2 என்று முடித்திருந்தாள். விடைக்குறிப்பில் இருந்தது (√6+√2)/4. அது 45இலிருந்து 30ஐக் கழித்து வரும் வழி. அவளுடைய விடையின் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

"சித்தப்பா, கால்குலேட்டர்ல போட்டா ரெண்டும் 0.9659ன்னுதான் வருது. சார்கிட்ட காட்டினேன். கீயில இப்படி இல்லையேம்மான்னுட்டார்."

"கால்குலேட்டர் நாலு இலக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லும். அஞ்சாவது இலக்கத்துல வேற ஆளா இருந்தா?"

"அப்போ எப்படி நிரூபிக்கிறது?"

நிரூபிப்பது எளிது. இரண்டையும் வர்க்கப்படுத்தினால் இரண்டும் (2+√3)/4 என்று வரும். இரண்டும் மிகை எண்கள், வர்க்கம் ஒன்று, ஆகவே எண்ணும் ஒன்று. அவளுக்கு அது போதவில்லை. விடை தெரிந்த பிறகு சரிபார்ப்பது இருக்கட்டும், விடை தெரியாதபோது முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போவது எப்படி என்று கேட்டாள். நல்ல கேள்வி. மதிப்பெண்ணை மறந்துவிட்டு அன்று மாலை முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தோம்.

வழி இதுதான். √2+√3 என்பதை வர்க்கப்படுத்திப் பாருங்கள். 2+3+2√6 வரும், அதாவது 5+2√6. ஐந்து என்பது இரண்டும் மூன்றும் கூடியது. ஆறு என்பது அவை பெருகியது. அப்படியானால் √(5+2√6) என்று எங்கேனும் கண்டால் நாம் கேட்க வேண்டியது பழைய விடுகதைதான்: கூட்டினால் ஐந்து, பெருக்கினால் ஆறு, அந்த இரண்டு எண்கள் எவை? இரண்டும் மூன்றும். ஆகவே √2+√3. முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

√(2+√3)இல் உள் மூலத்தின் முன்னால் 2 இல்லை. வரவழைத்துக்கொள்ளலாம். √3 என்பதை 2√(3/4) என்று எழுதுகிறோம். கூட்டினால் 2, பெருக்கினால் 3/4. அந்த எண்கள் 3/2, 1/2. ஆகவே √(3/2)+√(1/2), அதைச் சீர்படுத்தினால் (√6+√2)/2. அண்ணன் மகளின் விடையிலிருந்து விடைக்குறிப்புக்கு மூன்று வரிகளில் வந்து சேர்ந்துவிட்டோம்.

"அப்போ என்னோட விடை எளிமையில்லையா?" என்றாள்.

இங்கேதான் என் பழைய உறுத்தலுக்கு ஒரு பதில் கிடைத்தது. √(2+√3), √(2−√3) இரண்டையும் கூட்டச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அந்த வடிவத்தில் இரண்டும் மூடிய பெட்டிகள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவிழ்த்த வடிவத்தில் ஒன்று (√6+√2)/2, மற்றது (√6−√2)/2. கூட்டினால் √6. கண்ணுக்கு நேராக இருக்கிறது. எளிய வடிவம் என்பது குறுகிய வடிவம் அன்று. எண் எவற்றால் ஆனது என்பதை மறைக்காமல் காட்டும் வடிவம். மற்ற எண்களோடு அது பழகுவதற்கு வழிவிடும் வடிவம். சுருக்குக என்ற சொல்லே இங்கே பொருத்தமில்லை. அவிழ்க்க என்று போட்டிருக்கலாம்.

பயிற்சி நிலையத்தில் அந்த மதிப்பெண் கடைசிவரை கிடைக்கவில்லை. எளிய வடிவத்தில் தருக என்று கேள்வியில் இல்லாதபோது அவளுடைய விடையை அடிப்பது அநியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். கமலாவின் மூத்த மகன் என்று சொன்னவரை, கோபால் என்று சொல்லவில்லையே என்று தண்டித்தது போல.

*

எல்லா முடிச்சும் அவிழுமா? அவிழாது. இந்த விஷயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

√(4+2√2) என்பதை எடுத்துக்கொள்வோம். கூட்டினால் 4, பெருக்கினால் 2. அந்த எண்கள் 2+√2, 2−√2. ஆகவே விடை √(2+√2)+√(2−√2). சரியான விடைதான்; ஆனால் ஒரு முடிச்சை அவிழ்க்கப் போய் இரண்டு முடிச்சுகள் வந்து நிற்கின்றன.

எது அவிழும், எது அவிழாது என்று கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட ஒரு சோதனை உண்டு. √(அ+√க) என்ற வடிவத்தில் அ, க இரண்டும் விகிதமுறு எண்கள் என்று கொள்வோம். √க விகிதமுறா எண்ணாக இருக்க வேண்டும். அ-வின் வர்க்கத்திலிருந்து க-வைக் கழியுங்கள். வருவது ஒரு விகிதமுறு எண்ணின் வர்க்கமாக இருந்தால், இரண்டு சாதாரண வர்க்கமூலங்களின் கூட்டலாக அது அவிழும். இல்லையென்றால் அவிழாது. 5+2√6 என்பது 5+√24. 25இல் 24 போனால் 1. அவிழும். 2+√3இல் 4இலிருந்து 3 போனால் 1. அவிழும். 4+2√2 என்பது 4+√8. 16இல் 8 போனால் 8. எட்டு வர்க்கமன்று. அவிழாது. 'நமக்குத் தெரியவில்லை' என்பது வேறு, 'யாராலும் முடியாது' என்பது வேறு. இந்தச் சிறு கழித்தல் இரண்டாவதைச் சொல்லிவிடுகிறது.

ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தை வரையுங்கள். அதன் பக்கம் √(10−2√5)/2. சோதனையைப் போடுங்கள். 2√5 என்பது √20. 100இல் 20 போனால் 80. வர்க்கமன்று. ஐங்கோணத்தின் பக்கம் அவிழாது. அதே வட்டத்துக்குள் பத்துக்கோணத்தை வரைந்தால் அதன் பக்கம் (√5−1)/2. முடிச்சே இல்லை. பக்கங்கள் இரட்டிப்பானால் சிக்கலும் கூடும் என்றுதானே நினைப்போம்? இங்கே பத்து எளிமையாகவும் ஐந்து சிக்கலாகவும் இருக்கிறது. அந்தச் சிக்கல் எழுதியவரின் கைத்திறக் குறைவால் வந்ததன்று. அது ஐங்கோணத்தில் இருக்கிறது.

ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் இதை அறிந்திருந்தார் என்பதுதான் வியப்பு. அவரிடம் மூலக்குறி இல்லை, இயற்கணிதக் குறியீடு எதுவும் இல்லை. கோடுகளும் செவ்வகங்களும் மட்டும்தான். அவருடைய நூலின் பத்தாம் பகுதி, நாம் இன்று √(அ+√க) என்று எழுதுகிற அளவுகளைக் கோடுகளாக வைத்துக்கொண்டு, எது எந்த வகை என்று பொறுமையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கிறது. பதின்மூன்றாம் பகுதியில், விட்டம் விகிதமுறு அளவாக உள்ள வட்டத்துக்குள் வரைந்த ஐங்கோணத்தின் பக்கம் 'சிறியது' என்று பெயரிடப்பட்ட விகிதமுறா வகையைச் சேர்ந்தது என்று நிறுவுகிறார். அவிழாததை அவிழாதது என்று அறிந்து, அதற்கென ஒரு பெயரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆர்க்கிமிடீஸ் வட்டத்தின் சுற்றளவைப் பிடிக்க அறுகோணத்தில் தொடங்கி 12, 24, 48, 96 என்று பக்கங்களை இரட்டித்துக்கொண்டு போனார். ஆரம் 1 என்றால், நம் குறியீட்டில், வட்டத்துக்குள் வரைந்த 12 பக்க உருவின் பக்கம் √(2−√3). இது அவிழும். 96 பக்க உருவின் பக்கம் √(2−√(2+√(2+√(2+√3)))). ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஒரு மூலம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. உட்கடைசியில் உள்ள √(2+√3) மட்டும் அவிழும், மற்றவை நின்றுவிடும். அதனால் என்ன? அதை 48ஆல் பெருக்கினால் 3.1410 என்று பையின் வாசலில் கொண்டுவிடுகிறது. அவிழாத எண் பயனற்ற எண் அன்று.

*

நம் பக்கத்தில் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் பாஸ்கரர். 1150ஐ ஒட்டி எழுதப்பட்ட பீஜகணிதத்தில் கரணி என்ற பெயரில் இத்தகைய மூலங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் வரும் ஒரு கணக்கை இன்றைய குறியீட்டில் எழுதினால் √(10+√24+√40+√60). பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கூட்டல் பெருக்கல் விடுகதையை இரண்டுக்குப் பதில் மூன்று எண்களுக்கு விரித்துக்கொண்டால் போதும். 24, 40, 60 மூன்றையும் நான்கால் வகுத்தால் 6, 10, 15. இரண்டிரண்டாகப் பெருக்கினால் 6, 10, 15 தரும் மூன்று எண்கள் 2, 3, 5. அவற்றின் கூட்டல் 10. ஆகவே விடை √2+√3+√5. இந்த 'ஆகவே'யை எழுதும்போது இன்றும் ஒரு சின்ன மகிழ்ச்சி வருகிறது.

இதுவரை சொன்னவர்களெல்லாம் சிக்கலிலிருந்து எளிமைக்கு நடந்தவர்கள். ராமானுஜன் எதிர்த்திசையில் நடந்தார். 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு அவர் ஒரு கேள்வி அனுப்பினார். 289ஆம் எண் கேள்வி. வயது இருபத்து மூன்று. துறைமுகக் கழகத்து எழுத்தர் வேலை கிடைப்பதற்கு முந்தைய காலம். கேள்வி இது: √(1+2√(1+3√(1+4√(1+…)))) என்று முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன? மாதங்கள் போயின. ஒருவரிடமிருந்தும் விடை வரவில்லை. கடைசியில் அவரே விடையைத் தந்தார். விடை 3.

அவர் செய்தது என்னவென்று பார்த்தால் வெட்கப்படும்படி எளிமையாக இருக்கிறது. 3 என்பது √9. ஒன்பது என்பது 1+2×4. நான்கு என்பது √16. பதினாறு என்பது 1+3×5. ஐந்து என்பது √25, அதாவது 1+4×6இன் மூலம். இப்படியே மேலே மேலே. சாதாரண மூன்றுக்கு ஒவ்வொரு சட்டையாகப் போட்டுவிட்டுக்கொண்டே போய், எல்லாச் சட்டைகளும் போட்டபின் நம்மிடம் காட்டி, உள்ளே இருப்பது யார் என்று கேட்கிறார்.

ஒரு நுட்பமான சந்தேகம் இங்கே எழ வேண்டும். இந்தச் சட்டைகளை நான்குக்கும் போடலாமே? 4 என்பது √16, பதினாறு 1+2×(15/2), அந்த 15/2ஐ ஒரு மூலமாக எழுதி உள்ளே போகலாம். பின்னங்கள் அசிங்கமாக இருக்கும், ஆனால் போய்க்கொண்டே இருக்கலாம். அப்படியானால் விடை 3 என்பதற்கு என்ன உத்தரவாதம்? முடிவில்லாத ஒன்றை எழுதுவதும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று காட்டுவதும் வேறு வேறு வேலைகள். ஒவ்வொரு படியிலும் நிறுத்திக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 1, 1.73, 2.24, 2.56, 2.76 என்று ஏறிக்கொண்டே போய் மூன்றை நெருங்குகிறது, தாண்டுவதில்லை. இத்தகைய முடிவில்லா மூலங்கள் எப்போது ஒரு மதிப்பில் சென்று நிற்கும் என்பதற்குப் பொதுவான நிபந்தனையை வகுத்தவரும் ஒரு தமிழர்தான். ஹார்டியிடம் பயின்றவரும், பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநரானவருமான தி. விஜயராகவன். ராமானுஜன் பெயர் அறியாதவர் நம்மிடையே இல்லை. விஜயராகவன் பெயரை அறிந்தவரை நான் அதிகம் சந்தித்ததில்லை.

*

ராமானுஜன் அதே இதழுக்கு அனுப்பிய 525ஆம் கேள்வியில் இரண்டு சமன்பாடுகள் வருகின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஐந்தின் கனமூலத்திலிருந்து நான்கின் கனமூலத்தைக் கழித்து, வருவதற்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: √(∛5−∛4). இது (∛2+∛20−∛25)/3க்குச் சமம் என்கிறார்.

சரிபார்ப்பது கடினமன்று. வலப்பக்கத்தின் மேலே உள்ளதை வர்க்கப்படுத்தினால் ஆறு உறுப்புகள் வரும். அவற்றைச் சீர்படுத்தினால் ∛50 உள்ள இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒன்பது ∛5, கழித்தல் ஒன்பது ∛4. கீழே உள்ள மூன்றின் வர்க்கம் ஒன்பதைத் தின்றுவிடும். ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து நிமிட வேலை. ஆனால் இந்த முடிச்சு அவிழும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது? வர்க்கமூலத்துக்குச் சொன்ன கழித்தல் சோதனை கனமூலம் நுழைந்தவுடன் செல்லாது. அதன்பின் கணிதம் வெகுதூரம் போயிருக்கிறது. 1985இல் போரோடின், ஃபேகின், ஹாப்கிராஃப்ட், டோம்பா என்ற நான்கு கணினியியலாளர்கள் வர்க்கமூல அடுக்குகளைக் குறைப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 1989இல் சூசன் லாண்டவ், எல்லா வகை மூலங்களுக்குமான ஒரு படிமுறையை முன்வைத்தார். மூலங்களின் பின்னால் ஒளிந்திருக்கும் சமச்சீர்மையை, கால்வா என்ற பிரெஞ்சு இளைஞர் இருபது வயதில் இறப்பதற்கு முன் எழுதிவைத்த கோட்பாட்டைக் கொண்டு அளக்கும் வழி அது. கணினிக்கும்கூட மிக நீண்ட நேரம் பிடிக்கக் கூடியது. ராமானுஜனிடம் இருந்தது சிலேட்டுப் பலகை.

சுருக்குக என்ற சொல்லோடு எனக்கிருந்த பிணக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதை இப்போது இரண்டு வேலைகளாகப் பிரித்து வாசித்துக்கொள்கிறேன். முதல் வேலை, இது அவிழுமா என்று கேட்பது. இரண்டாவது, அவிழுமென்றால் அவிழ்ப்பது. பள்ளியில் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்லித் தருகிறார்கள். பாடநூலில் கொடுத்த கணக்குகள் எல்லாமே அவிழும் கணக்குகள். அதனால் பிள்ளைகள் உலகில் உள்ள எல்லா முடிச்சும் அவிழும் என்றும், அவிழாவிட்டால் குற்றம் தங்களுடையது என்றும் நினைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். பயிற்சி ஒவ்வொன்றிலும் ஒரு √(4+2√2)ஐயும் சேர்த்துவைத்து, 'இது அவிழாது, ஏன் என்று காட்டுக' என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? ஐங்கோணத்தின் பக்கத்தைப் பார்த்து, இதற்கு மேல் இதைத் தொட வேண்டாம் என்று பென்சிலைக் கீழே வைக்கத் தெரிவதும் கணக்குத்தான்.